தைத்ததும் ஒட்டியதும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள லாயாங் லாயாங்கில் காலைப் பார்த்தே ஆளின் வேலையைச் சொல்லிவிடலாம். முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு ரப்பர் பூட்ஸ் என்றால் செம்பனைக் காட்டுக்குப் போகிறவர். முனையில் இரும்புத் தகடு வைத்த கனத்த சப்பாத்து என்றால் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு. கறுப்புத் துணிச் சப்பாத்து பள்ளிப் பிள்ளைக்கு. வெறும் ரப்பர் சிலிப்பர் என்றால் இன்றைக்கு லீவு.

எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த அடையாளமெல்லாம் கிடையாது. ஜொகூரின் ரயில் பாதை 1909-இல் முழுமையடைந்தது. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று அந்தப் பாதையை ஒட்டிய ஊர்களைச் சூழ்ந்திருந்தவை பால்மரத் தோட்டங்கள். விடியுமுன் பிரட்டு என்கிற ஆள்கணக்கு, அது முடிந்ததும் வெட்டுக்காடு. இருட்டில் தலைவிளக்கோடு மரம் மரமாகப் போய்க் கோடு இழுத்து மங்கு வைத்தவர்களில் பலர் வெறுங்காலோடுதான் போனார்கள். வசதி இருந்தால் ஒரு பழைய துணிச் சப்பாத்து. காய்ந்த பால் பாதத்தில் தோல் போலப் படிந்து கிடக்கும். சாயங்காலம் உட்கார்ந்து உரித்தெடுப்பார்கள். தோலில் தைத்த சப்பாத்து அணிந்தவர் துரை. அவருக்கு அடுத்தபடி கணக்கெழுதும் கிராணி. உலகத்தின் கால்களுக்கு ரப்பர் அனுப்பிய காட்டில் நிலைமை இதுதான்.

அந்தக் காடும் இன்று இல்லை. 1960-இல் இந்நாட்டில் செம்பனை பயிரான நிலம் சுமார் 54,000 ஹெக்டேர். இன்று ஏறத்தாழ 56 லட்சம் ஹெக்டேர். பால்மரம் 1980-களின் தொடக்கத்தில் 20 லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்தது. இப்போது அதில் பாதிக்குச் சற்று மேல். பால்மரக் காட்டின் தரை சருகு மெத்தை. அட்டை ஏறும், பாம்பு கிடக்கும், ஆனாலும் வெறுங்காலை அது ஓரளவு பொறுத்துக்கொண்டது. செம்பனைக் காடு அப்படி விடாது. வெட்டிப்போட்ட மட்டையின் அடிப்பகுதி நெடுக முள். காய்ந்தபின் அந்த முள் இன்னும் கெட்டிப்படும். சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஆக, பூட்ஸை வேலையோடு சேர்த்துக் கொண்டுவந்ததே மரம் மாறியதுதான்.

வெறுங்காலுக்குத் தோட்டத்தில் கொடுத்த விலை முள்ளும் பாம்பும் மட்டுமில்லை. கொக்கிப்புழு இருந்தது. ஈர மண்ணில் காத்திருக்கும் அதன் குஞ்சுப்புழு பாதத்துத் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். இந்த வழியை உலகுக்குச் சொன்னவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர். கெய்ரோவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது புழு இருந்த நீர் தவறித் தம் கையில் சிந்தியதை வைத்துத்தான் தோல் வழியே அது நுழைவதை ஊகித்தார். 1898-இல் அதை வெளியிட்டார். அதுவரை வாய்வழியாகத்தான் புழு போகிறது என்று நம்பினார்கள். மலாயாத் தோட்டங்களில் தமிழர் லயங்களில் சோகை பிடித்து, மூச்சு வாங்கி, ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேர் வயிற்றில் இந்தப் புழு இருந்ததோ. தோட்டத்து டிரெசர் கொடுத்த பேதி மருந்து புழுவை வெளியேற்றியது. மறுநாள் அதே ஈர மண்ணில் அதே கால். பின்னாளில் கழிப்பறையும் சப்பாத்தும் சேர்ந்து வந்தபோதுதான் அந்தச் சுற்று அறுந்தது. கைத்தொழில் போயிற்றே என்று கீழே நான் வருத்தப்படப்போகிற இடங்களில் வாசகர் இந்தப் புழுவை மறந்துவிட வேண்டாம். மலிவான, அச்சில் வார்த்த, அழகில்லாத சப்பாத்துதான் எல்லாக் கால்களையும் எட்டியது. கையால் தைத்தது ஒருநாளும் எட்டியதில்லை.

ஜெர்மன் சப்பாத்துத் தொழிலின் சொற்களையும் தோல் பதனிடும் சொற்களையும் தமிழில் எழுதும் வேலை ஒன்று சில காலமாக என் கையில் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் தொழிலின் ஒவ்வொரு அசைவும் புரியாமல் ஒரு வரிகூட நகராது. அதனால்தான் கையால் ஒரு சோடி எப்படி உருவாகிறது என்பது எனக்குத் தெரியவந்தது.

இரண்டு பாதங்களையும் தனித்தனியே அளப்பார்கள். யாருக்கும் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த அளவுக்கு மரத்தில் கட்டை செதுக்குவார்கள். கட்டையின் அடியில் கெட்டியான உள்ளடித் தோலை நனைத்து ஆணியடித்து, அது கட்டையின் வளைவை வாங்கும்வரை உலரவிடுவார்கள். உலர்ந்தபின் அதன் ஓரத்தில் கத்தியால் ஒரு வரப்பு எடுப்பார்கள். பிறகு மேல்தோலை இடுக்கியால் இழுத்துக் கட்டையின்மேல் போர்த்துவது. இதில் அவசரம் ஆகாது. இழுத்த தோல் கட்டையிலேயே நாள்கணக்கில் கிடந்தால்தான் வடிவம் நிற்கும்.

அடுத்தது தையல். ஜெர்மானியர் பெக்டிராட் என்கிற நூலைக் கடையில் வாங்குவதில்லை, அங்கேயே திரிக்கிறார்கள். சணல் இழைகளைச் சேர்த்து முறுக்கி, தாரும் மெழுகும் கலந்த கட்டியில் திரும்பத் திரும்ப இழுத்தால் நூல் கறுத்துப் பிசுபிசுக்கும். அதன் இரு நுனியிலும் ஊசி கிடையாது. பன்றியின் முதுகு மயிரை நுனியில் பின்னிவிடுவார்கள். வளைந்த குத்தூசி போடும் துளையும் வளைந்தே இருக்கும்; நேரான ஊசி அதற்குள் போகாது, மயிர் வளைந்து போகும். உள்ளடியின் வரப்பு, மேல்தோல், சுற்றி வைத்த வார்ப்பட்டை ஆகிய மூன்றையும் ஒரே துளை துளைக்கும். அந்த ஒரே துளையில் இருபுறமிருந்தும் நூல் நுழையும். இரண்டு கையையும் விரித்து ஒரே இழுப்பில் இறுக்குவார்கள். தாரும் மெழுகும் துளையை அடைத்துக்கொள்வதால் தண்ணீர் புகாது. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது அவிழாது. உள்ளே விழும் குழியில் தக்கையை நிரப்பி, சம்மட்டியால் தட்டி இறுக்கிய அடித்தோலை வார்ப்பட்டையோடு சேர்த்து இரண்டாவது தையல் போடுவார்கள். இந்த இரண்டாவது தையலில்தான் விஷயமே இருக்கிறது. அடித்தோல் தேய்ந்தால் இதை மட்டும் அறுத்துப் புது அடி போடலாம். முதல் தையலைத் தொடவே வேண்டாம். ஆகவே ஒரு சோடிக்குப் பல அடிகள், பல ஆண்டுகள்.

இந்தத் தொழிலுக்கு ஜெர்மனியில் இன்றும் மூன்றாண்டுப் பயிற்சியும் தேர்வும் உண்டு. தொழிலின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். சிப்பாங் பந்தயத் திடலில் 2000, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் மைக்கேல் ஷூமாக்கர் வென்றபோது கூட்டம் எழுந்து நின்று கத்தியதே, அந்தப் பெயருக்குச் சப்பாத்துத் தைப்பவர் என்று பொருள். 2002-இல் வென்ற ரால்ஃப் அவர் தம்பி; அதே பெயர்தான். நம் பக்கத்துக் கதை வேறு. சிலப்பதிகாரம் வருணிக்கும் புகார் நகரில் துணி தைப்பவரும் தோல் தைப்பவரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் தோலைத் தொட்டவருக்கு ஊருக்கு வெளியே இடம். அவர் தைத்த செருப்பை அவரே அணிந்து மேல்சாதித் தெருவில் நடக்கக் கூடாது. அவர் தொழிலின் பெயர் வசைச் சொல்லாயிற்று. தஞ்சையிலும் சேலத்திலும் இருந்து கப்பலேறி வந்தவர்களோடு அந்தச் சொல்லும் கப்பலேறி வந்தது. லயத்தில் கோபம் வந்தால் அது வெளியே வரும். அப்படிப்பட்ட ஒரு தொழிலின் அறிவை ஏட்டில் எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை. குத்தூசியை எந்தச் சாய்வில் பிடிப்பது, தோலின் எந்தப் பாகம் அடிக்கு, எந்தப் பாகம் வாருக்கு என்பதெல்லாம் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போனது. மகன் வேறு வேலைக்குப் போனான், அதுவும் நின்றது. மகன் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

தோலைப் பதனிடுவதிலும் இரண்டு காலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையைப் பொடித்து, குழியில் ஒரு அடுக்கு பட்டை, ஒரு அடுக்கு தோல் என்று அடுக்கித் தண்ணீர் விட்டு மூடிவிடுவார்கள். கனத்த அடித்தோலுக்கு ஓராண்டு, சில சமயம் அதற்கும் மேல். தமிழ்நாட்டில் ஓக்குக்குப் பதில் ஆவாரம்பட்டை. தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரும் சதையும் நீக்கி, பட்டைச் சாறு நிரப்பிய குழிகளில் மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாறும் எண்ணெயும் கொடுத்து முடிப்பார்கள். மெல்லிய மஞ்சள் நிறத்தில் வெளிவரும் அந்தத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. ஆவாரை தரிசு நிலத்தில் தானே முளைக்கும் செடி. வெட்டிச் சுமந்து விற்றவர்களுக்கும் அதில் கூலி இருந்தது.

குரோம் உப்பு தோலைப் பதப்படுத்தும் என்று 1858-இல் காட்டியவர் ஃபிரீட்ரிக் லுட்விக் க்னாப் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். அமெரிக்காவில் அது தொழிலானது 1884-க்குப் பிறகு. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் ஓவியக் கல்லூரியில் 1903-இல் அந்தச் சோதனையைத் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்த பொருள்களில் முக்கியமானது சப்பாத்து இல்லை. கவலை ஏற்றத்தின் தோல் பறி. அன்று தமிழ்நாட்டுக் கிணறுகளில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தது அந்தத் தோல் பறியில்தான். ஓயாமல் நனைந்து காய்ந்து சீக்கிரம் அழுகிவிடும். குரோம் தோல் அழுகாது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் பம்புசெட் வந்து கவலையையே ஒழித்துவிட்டது. ஊருக்கு ஊர் பறி தைத்தவர்களின் வேலையும் அதோடு போயிற்று. சாட்டர்டனுக்குப் பின்னால் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை ஒட்டி வைத்த குரோம் தோல் ஆலை மூடிப் பல காலம் ஆகிறது. அந்த இடத்துக்குக் குரோம்பேட்டை என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. மின்ரயிலில் அங்கே இறங்குகிற கூட்டத்தில் தோலை நினைப்பவர் அபூர்வம்.

குழியில் ஆவாரம்பட்டைக்கு வாரக்கணக்கு. சுழலும் பீப்பாயில் குரோம் உப்புக்கு ஒரு நாள் போதும். வெளிவரும் தோல் வெளிறிய நீலமாக ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும். ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டால் பட்டைத் தோல் சுருண்டு கட்டியாகிவிடும். குரோம் தோல் அப்படியே கிடக்கும். வேகம், மென்மை, மலிவு என மூன்றிலும் புதியது வென்றது. தோற்றது ஆறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாநிலத்தில் சுமார் 900 ஆலைகள். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர். 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டது. இவை அந்தத் தீர்ப்பிலேயே இருக்கும் எண்கள். ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது இங்கேதான். பட்டைக்குழிக் காலம் தூய்மையானது என்று இதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. அன்றும் உப்பும் சுண்ணாம்பும் அழுகல் நாற்றமும் இருந்தன. அளவு சிறியது, அதைச் சகித்தவர்கள் நீதிமன்றம் போகக்கூடியவர்கள் இல்லை.

1973-இல் இந்தியா பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பதனிட்டதற்கும் வரம்பு வைத்தது. தோலாக அனுப்பாதே, சப்பாத்தாக அனுப்பு என்பது கொள்கை. அது பலித்தது. ஆம்பூரில் இன்று தைக்கும் சப்பாத்துகள் ஜெர்மானியக் கடைகளில் விற்பனைக்கு இருக்கின்றன. இதற்கு மறுபக்கம் பிர்மாசென்ஸ் என்ற தென்மேற்கு ஜெர்மன் ஊர். 1790-இல் அங்கிருந்த பிரபு இறந்து படை கலைந்தபோது பிழைப்பு இழந்த சிப்பாய்க் குடும்பங்கள் வீட்டிலேயே செருப்புத் தைத்தன. பெண்கள் சுமந்துபோய் ஊர் ஊராக விற்றார்கள். அப்படித் தொடங்கிய ஊர் ஜெர்மனியின் சப்பாத்துத் தலைநகராக வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கூலி குறைந்த நாடுகளுக்கு வேலை போகப் போகச் சரிந்தது. ஆலைகள் போனாலும் சப்பாத்துச் சோதனை நிலையம் அங்கே இருக்கிறது. தைப்பது ஒரு கண்டம், சரிபார்ப்பது இன்னொரு கண்டம்.

ஆம்பூர் ஆலைக்குள் முழுச் சப்பாத்தையும் ஒருவரே செய்வதில்லை. கட்டிங்கில் ஒருவர், ஓரம் சீவுவதில் ஒருவர், அப்பர் தைக்கும் வரிசையில் பெரும்பாலும் பெண்கள், லாஸ்டிங்கில் ஒருவர், ஃபினிஷிங்கில் ஒருவர். கட்டை இப்போது மரமில்லை, பிளாஸ்டிக். ஒருவர் காலுக்கென்று இல்லாமல் எண்ணுக்கு எண் ஒரே வார்ப்பு. ஒரு பெண் நாள் முழுதும் ஒரே மடிப்பைத் தைக்கிறார். அவர் கைக்கு வேகம் வந்திருக்கும், முழுச் சப்பாத்து வந்திருக்காது. ஆனால் அவர் கைக்கு மாதச் சம்பளம் வருகிறது, தோலைத் தொட்டதால் வீட்டு வாசலில் அவரை யாரும் நிறுத்துவதில்லை. செய்யாற்றில் தைவான் நிறுவனத்தின் ஆலையில் நைக்கிக்காகத் தைப்பவர்கள் பெரும்பாலும் தோலைத் தொடுவதே இல்லை, எல்லாம் செயற்கை.

கையால் முழுச் சோடியும் செய்கிற மனிதர் இந்த நாட்டிலும் இருந்தார். மலாயாப் பட்டணங்களின் சீனச் சப்பாத்துக் கடைகளில் அது அன்றாட வேலை. பினாங்கில் அப்படி ஒரு சப்பாத்துக்காரரின் மகனாகப் பிறந்த ஜிம்மி சூ, பதினொரு வயதில் முதல் சோடியைச் செய்தவர், லண்டன் ஹாக்னியில் சப்பாத்துத் தொழில் படித்து உலகப் பெயர் ஆனார். அவர் பெயரைப் போட்ட சோடி இன்று பேரங்காடியில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அவருடைய அப்பாவைப் போன்றவர்களின் கடைகள் மறைந்த இடத்தில் கைப்பேசிக் கடைகள்.

துணிச் சப்பாத்து மட்டும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் பொதுவான நினைவு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டாவோ பாலாஸோ, வெள்ளை நிறம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே மண்ணைத் தட்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பூச்சு பூசி வேலியில் மாட்டுவார்கள். ஆண்டுக் கடைசி மழையில் வெயில் கிடைக்காது. குளிர்ப்பெட்டி வந்த வீடுகளில் அதன் பின்பக்கச் சூட்டில் காயவைப்பார்கள். திங்கட்கிழமை சபை கூடலில் ஆசிரியர் கண் முதலில் காலுக்குத்தான் போகும். செம்மண் தடம் நடந்து வந்த பிள்ளைக்கு வெள்ளை ஒரு தண்டனை. 2018-இல் கல்வியமைச்சர் மஸ்லி மாலிக் பள்ளிச் சப்பாத்து கறுப்பாகும் என்று அறிவித்தார். 2019-இல் தொடங்கி 2021-இல் கட்டாயமானது. அவர் அப்போது சிம்பாங் ரெங்கம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். லாயாங் லாயாங் சட்டமன்றத் தொகுதி அதற்குள்தான் வருகிறது. நாட்டுக்கு இதைவிடப் பெரிய கல்விப் பிரச்சினைகள் இல்லையா என்று அன்று கேலி பேசினார்கள். வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்களில் சப்பாத்துத் தேய்த்த எந்தத் தாயும் அந்தக் கேலியில் சேரவில்லை என்பது என் கணிப்பு.

இப்போது சப்பாத்தின் மேலும் அடியும் சேர்வது பசையால். பல சோடிகளில் அடி பாலியூரித்தேன். அதை 1937-இல் கண்டவர் ஓட்டோ பாயர், மறுபடியும் ஒரு ஜெர்மானியர். லேசானது, மெத்தென்றது, மலிவானது. நம் ஊர்க் காற்று அதற்கு ஆகாது. ஈரப்பதம் அந்தப் பொருளை உள்ளிருந்தே உடைக்கும். திருமணத்துக்கு வாங்கி இரண்டு முறை போட்டு அலமாரியில் வைத்த சோடி, நான்கைந்து வருஷம் கழித்து எடுத்தால் நடக்க நடக்கப் பொடிப் பொடியாக உதிரும். போட்டுத் தேய்ந்தது போய், போடாமலே தேய்கிற காலம். அடி உதிர்ந்தால் மாற்றவும் வழியில்லை. அறுக்க இரண்டாவது தையல் அதில் கிடையாது.

ஐந்தடி நடைபாதையில் சின்ன முக்காலி போட்டு உட்காரும் சப்பாத்துத் தைப்பவர்கள் குளுவாங்கில், ஜொகூர் பாருவில் இன்னும் இருக்கிறார்கள். பாலிஷ் போடுவது, குதிக்கட்டை மாற்றுவது எல்லாம் குறைந்துவிட்டது. அவர்களுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு, ஒட்டிய விளையாட்டுச் சப்பாத்தை அடியைச் சுற்றித் தைத்துக் கொடுப்பது. கொக்கி வைத்த குத்தூசியை அடியிலிருந்து மேலே குத்தி, மெழுகிட்ட நைலான் நூலைக் கொக்கியில் மாட்டிக் கீழே இழுத்து, கண்ணியில் கண்ணி கோத்துச் சுற்றி வருவார்கள். வாங்கி ஒரு மாதத்தில் வாய் பிளந்து வருகிறவைதான் பெரும்பாலும். கால்பந்து விளையாடுகிற பையன்கள் அதுவரை காத்திருப்பதில்லை. கடையில் வாங்கிய பெட்டியைப் பிரிக்காமலே கொண்டுவந்து, “அங்கிள், போடுறதுக்கு முன்னாடியே தைச்சிக் குடுத்திடுங்க” என்கிறார்கள்.